பட்டியல் எழுதுற கை யாருது?

புயலுக்கும் வெள்ளத்துக்கும் சாதி தெரியாது என்று சொல்வார்கள். பாதிதான் நிஜம். தண்ணி முதலில் பள்ளத்தில் ஏறும். அந்தப் பள்ளத்தில் யாரைக் குடிவைப்பது என்று முடிவு செய்தது ஊர். மீதிக் கதை தண்ணி வடிஞ்ச பிறகு ஆரம்பிக்கிறது. அரிசி மூட்டை வருகிறது, துணி வருகிறது, அதிகாரி வருகிறார், தொண்டு நிறுவனக்காரர் வருகிறார். வந்தவருக்கு அந்த இடம் தெரியாது. "இங்க யாரைப் பாக்கணும்?" என்று கேட்கிறார். அந்த ஒரு கேள்விக்கு யார் பதில் சொல்கிறார்கள் என்பதில்தான் நம் சனங்களின் சோறு இருக்கிறது.

பேரழிவு நிவாரணம் பற்றி எழுதுகிறவர்கள் இன்றைக்கு ஒன்றை அழுத்திச் சொல்கிறார்கள். வெளியிலிருந்து வருகிறவர்கள் தங்கள் இஷ்டத்துக்கு எதையும் செய்யக் கூடாது. உள்ளூரில் தொடர்புக்கு ஆள் வேண்டும். அந்தச் சனத்தின் அதிகாரத்தை மதிக்க வேண்டும். 2004 சுனாமிக்குப் பிறகு பல நாடுகளிலும் நடந்த நிவாரணத்தைக் கூட்டாக மதிப்பிட்டு 2006-இல் வெளியான சர்வதேச அறிக்கையும் இதைத்தான் சொன்னது. நமக்கு இதில் தகராறு இல்லை. அதிகாரியும் ஹெலிகாப்டரும் வந்து சேர்வதற்கு முன்னாலேயே உயிர்களைக் காப்பாற்றுவது பக்கத்து வீட்டுக்காரன்தான். நம் கேள்வி வேறு. உள்ளூர் என்று சொல்கிறீர்களே, அது எது? ஊரா, சேரியா?

இந்தக் கேள்வி சுனாமியில் முளைத்ததல்ல. தாது வருஷப் பஞ்சத்துக்குப் போவோம். 1876 முதல் 1878 வரை சென்னை மாகாணத்தில் சனங்கள் லட்சம் லட்சமாகச் செத்தார்கள். 1877 ஜனவரியில் பஞ்சத்தைப் பார்வையிட வந்த சர் ரிச்சர்ட் டெம்பிள், நிவாரண வேலை செய்கிறவனுக்கு நாளைக்கு ஒரு பவுண்டு தானியத்துக்கான கூலி போதும் என்றார். அரைக் கிலோவுக்கும் குறைவு. மாகாணத்தின் சுகாதாரக் கமிஷனர் கார்னிஷ், இந்தக் கூலியில் மண் வெட்டினால் ஆள் செத்துப்போவான் என்று சண்டை போட்டார். பக்கிங்காம் கால்வாயின் ஒரு பகுதி அந்தப் பஞ்ச வேலையில் வெட்டப்பட்டதுதான். அந்தக் கால்வாயில் எத்தனை சேரி முதுகெலும்பு புதைந்திருக்கிறதோ.

பஞ்சம் முடிந்ததும் அரசாங்கம் கமிஷன் போட்டது. 1880-இல் அதன் அறிக்கை வந்தது. 1883-இல் பஞ்ச நிவாரண விதிகள் வந்தன. நடக்க முடியாதவர், வேலை செய்ய முடியாதவர் யார் யார் என்று கணக்கெடுத்து இலவச நிவாரணம் தர வேண்டும் என்று ஏற்பாடு. நல்ல ஏற்பாடுதான். ஆனால் அந்தக் கணக்கு கிராம அதிகாரிகள் கையில். நம்ம பக்கம் அப்படியென்றால் மணியக்காரர், கர்ணம். பட்டினி கிடக்கிறவன் பெயரை அரசாங்கத்துக்குச் சொல்ல வேண்டியவர் மணியக்காரர். பட்டினி கிடக்கிறவனோ, அநேகமாக மணியக்காரர் நிலத்திலோ அவர் பங்காளி நிலத்திலோ பண்ணையாள். ஆண்டைக்கு எதிராக வாய் திறந்தவன் பெயர் அந்தக் கணக்கில் ஏறியிருக்குமா? யோசித்துப் பாருங்கள்.

வெள்ளைக்கார அதிகாரிகளுக்கே இது தெரியும். 1891-இல் செங்கல்பட்டு கலெக்டர் ட்ரெமென்ஹீர் பறையர்களின் நிலைமை பற்றி ஒரு குறிப்பு எழுதினார். தரிசாகக் கிடக்கிற நிலத்தைக்கூட சேரிக்காரன் கேட்டு வாங்கவிடாமல் மிராசுதார்கள் எப்படித் தடுத்தார்கள் என்று அதில் இருக்கிறது. அரசாங்கம் 'கிராமம்' என்று நினைத்துக் காது கொடுத்தது மிராசுதார் வாய்க்குத்தான். கிராமத்தின் குரல் என்று நூறு வருஷமாகப் பதிவானதெல்லாம் அந்தக் குரல். பரம்பரை மணியம், கர்ணம் பதவிகள் தமிழ்நாட்டில் ஒழிந்ததே 1980-இல்தான்.

இதில் ஒரு வேடிக்கை உண்டு. ஊருக்கும் வெளிக்கும் நடுவே ஓடி ஓடித் தொடர்பாளாக இருந்தவன் யார்? நம்ம ஆள்தான். இழவுச் சேதி சொல்லப் பத்து மைல் நடந்தவன் வெட்டியான். தாலுக்கா கச்சேரி அதிகாரி வந்தால் கூடவே ஓடியவன் தோட்டி, தலையாரி. தமுக்கடித்தவனும் நாம்தான். பல ஊர்களில் ஏரிக்கு நீர்க்கட்டியாக இருந்து, மடை திறந்து, ராத்திரி மழையில் கரைமேல் நடந்து, எந்த இடத்தில் கரை கசிகிறது என்று காலாலேயே கண்டுபிடித்தவனும் நம்மவன். ஏரி உடையப்போகிறது என்பது ஊரில் முதலில் அவனுக்குத்தான் தெரியும். அறிவு அவனிடம் இருந்தது, ஓட்டம் அவனுடையது. அதிகாரம் மட்டும் ஊர்ச் சாவடியில் கால்மேல் கால் போட்டு உட்கார்ந்திருந்தது. சேதி சொல்றவன் ஒருத்தன், சேதிய வச்சி முடிவெடுக்கிறவன் இன்னொருத்தன். இன்றைக்கு 'உள்ளூர்த் தொடர்பாளர்' என்று நம்ம பையன் ஒருத்தனைக் கூட்டிப் போய் வழி காட்டச் சொல்வதும், அதிகாரம் தராத வரைக்கும், பழைய வெட்டியான் வேலைதான்.

இப்போது கடற்கரைக்கு வருவோம். 2004 டிசம்பர் 26, ஞாயிற்றுக்கிழமை காலை. தமிழ்நாட்டில் அதிகச் சாவு நாகப்பட்டினம் மாவட்டத்தில், 6,000-க்கும் மேல். கீச்சாங்குப்பம், அக்கரைப்பேட்டை என்று மீனவக் குப்பங்கள் அடியோடு போயின. அந்த மக்கள் பட்ட துயரத்தைக் குறைத்துப் பேச நமக்கு வாய் வராது. கடலோரத்தில் அதிகம் செத்தவர்கள் அவர்கள்தான். அவர்களையும் மேட்டுக்குடிச் சாதிகள் கேவலமாகத்தான் பேசிவந்தன.

அந்தக் குப்பங்களில் ஊர்ப் பஞ்சாயத்து பலமாக இருந்தது. நாட்டார், பஞ்சாயத்தார் கூடிப் பேசினால் கட்டுப்பாடு. இந்தப் பஞ்சாயத்துகள்தான் செத்தவர்களைக் கணக்கெடுத்தன, வந்த சாமானை ஓரிடத்தில் குவித்துச் சமமாகப் பிரித்தன. நூற்றுக்கணக்கான தொண்டு நிறுவனங்கள் நாகைக்கு வந்து ஒன்றோடொன்று முட்டிக்கொண்டபோது, 2005 ஜனவரியில் மாவட்ட நிர்வாகத்தின் துணையோடு தொண்டு நிறுவன ஒருங்கிணைப்பு மையம் ஒன்று உருவானது. வந்தவர்களுக்குக் கிராமத்தைக் காட்டவும், எங்கே என்ன தேவை என்று சொல்லவும் இப்படி ஓர் இடம் இருந்தது பெரிய காரியம். உள்ளூர் அதிகாரம், தொடர்பு, ஒருங்கிணைப்பு மூன்றும் சேர்ந்தால் என்ன செய்ய முடியும் என்பதற்கு நாகப்பட்டினத்தை உதாரணம் காட்டுகிறார்கள். காட்டட்டும். தகுதிதான்.

ஆனால் அந்தச் சமப் பங்கு யாருக்குள் சமம்? ஊர்ப் பஞ்சாயத்துக்கு ஒரு வரிக் கணக்கு உண்டு. கல்யாணமான ஆம்பளை வரி கட்டுவான். வரி கட்டுகிறவன் ஊரான், ஊரானுக்குப் பங்கு. கோயில் திருவிழாவுக்கு எழுதிய அந்தக் கணக்கே நிவாரணப் பட்டியலாக மாறியது. பெண் தலையெடுத்து நடத்துகிற வீடு பல இடங்களில் அதில் முழுசாக வராது. சேரி அதில் வரவே வராது. யாரும் உட்கார்ந்து சதி செய்ய வேண்டியதில்லை. ஏற்கெனவே இருக்கிற பட்டியலை எடுத்து அதிகாரி கையில் கொடுத்தால் போதும், வேலை முடிந்தது.

கடலோரச் சேரிச் சனம் என்ன செய்து பிழைத்தது? மீன் கூடை சுமந்தது, ஐஸ் உடைத்தது, கருவாடு காயவைத்தது, உப்பளத்தில் வேலை செய்தது, வயலில் நட்டது, அறுத்தது. கழிமுகத்தில் இடுப்பளவு தண்ணியில் நின்று இறால் தடவியவர்கள் தலித்துகளும் இருளர்களும். படகு போனால் படகுக்காரனுக்கு நஷ்டம், எழுதலாம். வலை போனால் எழுதலாம். கடல் தண்ணி ஏறி நிலம் உப்பானால் பட்டாக்காரனுக்கு நஷ்டம், அதையும் எழுதலாம். அந்த வயலில் ஆறு மாசம் கூலி இல்லாமல் போனவன் நஷ்டத்தை எந்தக் கட்டத்தில் எழுதுவது? கையால் இறால் பிடித்தவளுக்குப் படகும் இல்லை, வலையும் இல்லை. அப்போ அவள் மீன் பிடிக்கிறவளே இல்லை என்று ஆகிவிட்டது. "ஒங்களுக்கு என்ன போச்சு?" என்கிற கேள்விக்கு நம் சனங்களிடம் காட்ட ஒரு துண்டுச் சீட்டும் கிடையாது.

முகாம்களில் நடந்ததும் பதிவாகியிருக்கிறது. தலித்துகளைச் சேர்க்க மறுத்தது, தண்ணித் தொட்டியைத் தொடவிடாதது, சேரிக்குப் போகிற லாரியை வழியிலேயே மடக்கியது. தலித் அமைப்புகள் ஊர் ஊராகப் போய் எழுதின. சர்வதேச மனித உரிமை அமைப்புகளும் 2005-இல் எழுதின. சாதியைப் பார்க்கவே மாட்டோம் என்று கண்ணை மூடிக்கொண்டு செய்த மறுசீரமைப்பு நிலைமையை இன்னும் கெடுத்தது என்று 2007-இல் தனியாக ஓர் அறிக்கையே வந்தது.

ஒரே ஒரு வேலைக்கு மட்டும் நம்மை யாரும் மறக்கவில்லை. அழுகிய பிணங்களை எடுக்க. வெளியூர் நகராட்சிகளிலிருந்தெல்லாம் துப்புரவுத் தொழிலாளர்களை லாரி லாரியாகக் கொண்டுவந்து இறக்கினார்கள். கையுறை ஒழுங்காக இல்லை, முகமூடி ஒழுங்காக இல்லை. சொந்தக்காரர்களே கிட்டப் போகத் தயங்கிய உடல்களை அவர்கள் தூக்கினார்கள், குழி தோண்டினார்கள், அடக்கம் செய்தார்கள். பட்டியலில் இல்லாத சாதி, குழிமேட்டில் மட்டும் முதல் வரிசையில் நின்றது.

சிலர் கேட்பார்கள்: அதுதான் தேர்தல் நடத்தி ஊராட்சி இருக்கிறதே, தனித்தொகுதித் தலைவர் இருக்கிறாரே, அவர் மூலம் செய்ய வேண்டியதுதானே? 1996-இல் மேலவளவு தனித்தொகுதியானது. தலைவரான முருகேசனையும் அவரோடு இருந்தவர்களையும் 1997 ஜூன் 30 அன்று பஸ்ஸை மறித்து வெட்டிக் கொன்றார்கள். பாப்பாபட்டி, கீரிப்பட்டி, நாட்டார்மங்கலத்தில் 1996-இலிருந்து பத்து வருஷம் தலித் தலைவர் நாற்காலியில் உட்காரவே முடியவில்லை. 2006-இல்தான் வழி பிறந்தது. சட்டம் கொடுத்த அதிகாரத்துக்கே இந்தக் கதி என்றால், வெள்ளம் வந்த ராத்திரியில் அந்தத் தலைவர் சொல்லை யார் கேட்பான்?

சுனாமிக்குப் பிறகு, 2005-இல் பேரழிவு மேலாண்மைச் சட்டம் வந்தது. மாவட்ட அளவில் கலெக்டர் தலைவர், தேர்ந்தெடுக்கப்பட்ட உள்ளாட்சிப் பிரதிநிதி இணைத்தலைவர். 61-ஆம் பிரிவு, நிவாரணத்திலும் இழப்பீட்டிலும் பால், சாதி, சமூகம், வம்சம், மதம் பார்த்துப் பாகுபாடு கூடாது என்கிறது. படிக்க நிறைவாக இருக்கிறது. ஆனால் அதே சட்டத்தில் குற்றம், தண்டனை பற்றிய பிரிவுகள் 51 முதல் 60 வரை. பொய் சொல்லி நிவாரணம் கேட்டால் 52-ஆம் பிரிவின்படி இரண்டு வருஷம் வரை ஜெயில். 61 அந்த வரிசைக்கு வெளியே நிற்கிறது. அதை மீறினால் இன்ன தண்டனை என்று தனியாக ஒரு வரி இல்லை. பொய்யாக வாங்கியவனைப் பிடிக்கச் சட்டத்துக்குக் கை இருக்கிறது. சாதி பார்த்துக் கொடுக்காமல் விட்டவனைப் பிடிக்க வாய் மட்டும் இருக்கிறது.

கஜா புயல் 2018 நவம்பர் 16 அன்று வேதாரண்யம் பக்கம் கரை ஏறியது. அப்போதும் விழுந்த தென்னைக்கு இவ்வளவு என்று மரத்துக்குக் கணக்கிருந்தது. அந்தத் தோப்பில் காய் பறித்து, மட்டை உரித்துப் பிழைத்தவனின் போன கூலிக்குக் கட்டம் இல்லை. பதினாலு வருஷத்தில் பாரம் மாறியிருக்கலாம். பாரத்தை நிரப்புகிற கணக்கு மாறவில்லை.

அதனால் நாம் கேட்பது உள்ளூர் அதிகாரம் வேண்டாம் என்பதல்ல. சேரியும் ஓர் உள்ளூர் என்று ஒத்துக்கொள் என்பதுதான். புயல் வருவதற்கு முன்னாலேயே ஒவ்வொரு சேரிக்கும் இரண்டு மூன்று பேரை அந்தச் சனமே கூடிப் பேசித் தேர்ந்தெடுக்க வேண்டும். பாதிப் பேர் பெண்களாக இருக்க வேண்டும். அவர்கள் பெயர் தாலுக்கா ஆபீசில் எழுதி இருக்க வேண்டும், அவர்கள் கையெழுத்தில்லாமல் எந்தப் பட்டியலும் முடியக் கூடாது. பட்டியலை ஊர்க் கோயில் வாசலில் படிக்காதே. சேரிக்குள் வந்து, எல்லோரும் கேட்கிறாற்போல் வாசி. போன கூலியையும் நஷ்டமாக எழுது. முகாம் எந்த இடத்தில், சமையல் யார் கையில் என்பதையும் முன்கூட்டியே எங்களோடு பேசு.

நமக்குள்ளும் ஒன்றைப் பேசியாக வேண்டும். சேரிக்குள்ளும் ஒரு நாட்டாமை உண்டு, சேரிக்கும் வெளியே நிறுத்தப்பட்ட குடிகள் உண்டு. புதிரை வண்ணார் வீடும் அருந்ததியர் தெருவும் இருளர் குடிசையும் நம் கணக்கில் தானாக வந்துவிடுவதில்லை. ஊர் நமக்குச் செய்ததை நாம் அவர்களுக்குச் செய்தால், அதிகாரம் கை மாறியது என்றுதான் அர்த்தம், நியாயம் வந்தது என்று அர்த்தமில்லை. புருஷன் இல்லாதவள் பெயரும் முழுப் பங்கோடு ஏற வேண்டும்.

வருஷா வருஷம் ஐப்பசி, கார்த்திகை வரத்தான் போகிறது. வெளியூர் லாரியும் வரும். மெயின் ரோட்டில் நின்று "இங்க யாரைப் பாக்கணும்?" என்று கேட்கும். அதற்குப் பதில் சொல்ல நம் தெருவிலும் ஓர் ஆள், பெயரோடும் அதிகாரத்தோடும் இருந்தாக வேண்டும். அந்த ஆளை மழைக்கு முன்னால் நாம்தான் தேர்ந்தெடுக்க வேண்டும்.