மூன்றாம் கட்சி வாக்கு (அமெரிக்கா)

குடியரசுக் கட்சி, ஜனநாயகக் கட்சி இரண்டின் மீதும் சலிப்புற்ற அமெரிக்க வாக்காளர்கள் பிற கட்சி அல்லது சுயேச்சை வேட்பாளருக்கு அளிக்கும் வாக்கு. இதன் வலிமையையும் இயலாமையையும் ஒருங்கே காட்டியது 1992 அதிபர் தேர்தல். டெக்சாஸ் தொழிலதிபர் ராஸ் பெரோ தொலைக்காட்சியில் அரை மணி நேரத்தைக் காசு கொடுத்து வாங்கி, அரசின் பற்றாக்குறையையும் கடனையும் வரைபட அட்டைகளைக் காட்டி விளக்கினார். ஏறத்தாழ 1.97 கோடிப் பேர், அதாவது சுமார் 19 விழுக்காட்டினர், அவருக்கு வாக்களித்தனர். ஆனால் அதிபரை முறைப்படி தேர்ந்தெடுக்கும் தேர்வாளர் குழுவில் ஒரு வாக்குகூடக் கிடைக்கவில்லை. மெய்ன், நெப்ராஸ்கா நீங்கலாக எல்லா மாநிலங்களிலும் முதலிடம் பெற்றவருக்கே அம்மாநிலத்தின் தேர்வாளர் வாக்குகள் முழுவதும் போய்ச் சேர்வதே காரணம்.

2000 அதிபர் தேர்தலில் புளோரிடாவில் குடியரசுக் கட்சி வேட்பாளர் புஷ் 537 வாக்கு வித்தியாசத்தில் வென்றார். பசுமைக் கட்சியின் ரால்ஃப் நேடர் அங்கே பெற்றவை 97,488. ‘ஜனநாயகக் கட்சியின் வாக்கைப் பிரித்தவர்’ என்ற பழி இன்றும் அவரைத் தொடர்கிறது. இது நியாயமன்று, எந்த வாக்கும் எந்தக் கட்சிக்கும் பட்டா போட்டுக் கொடுக்கப்பட்டதல்ல. பழுது தேர்தல் முறையில் இருக்கிறது. அதற்கு மாற்றாக, வேட்பாளர்களை விருப்ப வரிசைப்படி குறிக்கும் முறையை மெய்ன் மாநிலம் 2016-இல் மக்கள் வாக்கெடுப்பின் வழியே ஏற்றது. அலாஸ்கா 2020-இல் ஏற்றது.

மூன்றாம் கட்சி சார்பில் மாநிலங்களை வென்ற கடைசி அதிபர் வேட்பாளர், 1968-இல் தெற்கில் ஐந்து மாநிலங்களைப் பிடித்த ஜார்ஜ் வாலஸ்.