அழகின் அளவுகோல் யாருடையது?



எனது மகளுக்கு 13 வயதானபோது, பல்லுக்குக் கம்பி போடுவதற்காக வைத்தியரிடம் அழைத்துச் சென்றேன். தலையின் பக்கவாட்டு எக்ஸ்றே படத்தில் கோடுகள் வரைந்து பார்த்த வைத்தியர், "உதடுகள் சராசரியைவிட முன்னுக்கு நிற்கின்றன. நான்கு பற்களைப் பிடுங்கினால் உள்ளே கொண்டுவரலாம்" என்றார்.

வீட்டில் இதைச் சொன்னதும் அம்மாவுக்குக் கோபம் வந்துவிட்டது. "அது கொப்பற்ற வாயெல்லோ! அதை ஏன் மாத்திறியள்?" 1995 இல் யாழ்ப்பாணத்தைவிட்டு இடம்பெயர்ந்தபோது அப்பாவின் படங்களும் வீட்டோடு போய்விட்டன. மகளோ, "எனக்கு நேரான பல்லு வேணும்" என்று ஒற்றைக்காலில் நின்றாள். இருவருக்கும் நடுவில் நின்ற நான், அந்தச் 'சராசரி' யாருடையது என்று தேடத் தொடங்கினேன்.

பல்லை நேராக்கும் முயற்சி பழையது. பிரெஞ்சு வைத்தியர் பியர் போஷார், குதிரை லாடம் போல் வளைந்த உலோகத் தகட்டில் பற்களை நூலால் கட்டும் முறையை 1728 இல் வெளியான தமது நூலில் விளக்கியிருந்தார். பல் ஆணி போல எலும்பில் அறையப்பட்டிருப்பதில்லை. மெல்லிய நார்கள் அதைத் தாங்கிநிற்கின்றன. மெதுவாக அழுத்தினால், அழுத்தப்படும் பக்கத்தில் எலும்பு கரையும். மறுபக்கத்தில் புதிய எலும்பு உருவாகும். மாதத்துக்கு ஏறக்குறைய 1 மில்லிமீற்றர் நகரும். இது விஞ்ஞானம். ஆனால் எதுவரை நகர்த்துவது என்பதை விஞ்ஞானம் மட்டும் சொல்லிவிடாது.

இத்துறையின் தந்தை எனப்படும் அமெரிக்கர் எட்வேர்ட் ஆங்கிள், 1899 இல் பற்கள் பொருந்தும் விதத்தை வகைப்படுத்தினார். அவ்வகைப்படுத்தல் இன்றும் பயன்படுகிறது. அவர் முகஅழகுக்கு மாதிரியாகக் கொண்டதோ, வத்திக்கானில் இருக்கும் அப்பலோ சிலையை! பின்னர் முகஅழகுக்கு ஒரே விதி உண்டா என்று எட்மண்ட் வூர்பல் என்ற ஓவியரிடம் கேட்டார். அப்படியொரு விதி கிடையாது, ஒவ்வொரு முகத்துக்கும் அதற்கேயுரிய சமநிலைதான் உண்டு என்பது ஓவியரின் பதில். ஆங்கிள் அவரைத் தமது பாடசாலையிலேயே கற்பிக்க வைத்தார்.

ஆயினும், எல்லாப் பற்களையும் காப்பாற்றி ஒழுங்காகப் பொருத்தினால் அழகு தானாக வரும் என்பதில் ஆங்கிள் உறுதியாக இருந்தார். சில முகங்களுக்குப் பல் பிடுங்குவது அவசியம் என்று வாதாடிய கல்வின் கேஸ், 1911 இல் ஆங்கிளின் அணியினரோடு கடும் விவாதத்தில் இறங்கினார். ஆங்கிள் 1930 இல் காலமானார். அதன்பின் அவரது மாணவரான சார்ள்ஸ் ட்வீட், தாம் சிகிச்சை செய்த பலரின் பற்கள் மீண்டும் குலைந்ததையும் முகங்கள் முன்தள்ளி நின்றதையும் கண்டு, பற்களைப் பிடுங்கி மறுசிகிச்சை செய்தார். குருவின் கொள்கையைச் சீடரே மாற்றிவிட்டார்.

1931 இல் அமெரிக்காவில் புரோட்பென்டும் ஜேர்மனியில் ஹோஃப்ராத்தும் தலையை அளக்கும் எக்ஸ்றே முறையை அறிமுகப்படுத்தினர். 1948 இல் வில்லியம் டவுன்ஸ் அதிலிருந்து 'சரியான' அளவுகளை வகுத்தார். யாரை அளந்து தெரியுமா? நல்ல பல்லமைப்புள்ள 20 வெள்ளையினப் பிள்ளைகளை. 1951 இல் அதே அளவுகளைக் கறுப்பின, சீன, ஜப்பானிய வம்சாவளியினருக்குப் பொருத்திப் பார்த்தபோது, ஒவ்வோர் இனத்தினருக்கும் அளவுகள் வேறுபடுவது தெரிந்தது. பின்னர் தெற்காசியர் உட்படப் பல மக்களுக்குத் தனித்தனி அளவுகள் எடுக்கப்பட்டன. ஓவியர் சொன்னதை அளவுநாடா பிந்தித்தான் ஒப்புக்கொண்டது.

இவற்றைப் படித்துவிட்டு மறுமுறை வைத்தியரிடம் ஒரே கேள்விதான் கேட்டேன்: "நீங்கள் சொன்ன சராசரி யாருடையது?" அவர் கோபிக்கவில்லை. தெற்காசியரின் அளவுகளோடு ஒப்பிட்டுப் பார்த்து, மகளின் உதடுகளில் குறையில்லை என்றார். ஆனால் கீழ்ப்பற்கள் மேல்முரசில் குத்துவது உண்மையான குறை, அதைத் திருத்தியே ஆகவேண்டும் என்றும் சொன்னார். பல் பிடுங்காமலே கம்பி போட்டு, இரண்டு வருடத்தில் சரியாயிற்று. இரவில் மட்டும் பல்லைத் தக்கவைக்கும் தகடு போடுகிறாள்.

பல் பிடுங்குவதே பிழை என்று நான் சொல்லவரவில்லை. இடம் போதாமல் பற்கள் நெருக்கிக் கிடந்தால் சிலவேளை பிடுங்கத்தான் வேண்டும். உங்கள் பிள்ளையைக் கொண்டுபோகும்போது இரண்டு விடயங்களைக் கேளுங்கள்: இது கடிக்கவும் மெல்லவும் உள்ள குறையா, தோற்றத்துக்கா? தோற்றத்துக்கென்றால், யாருடைய அளவின்படி? அதற்குமுன் பிள்ளைக்கு என்ன விருப்பம் என்றும் கேளுங்கள்.

மகள் இப்போது வாய்விட்டுச் சிரிக்கிறாள். பல் அவள் கேட்ட பல். வாய் அப்பாவினுடையதுதான் என்கிறார் அம்மா.