டாப்ளர் திரிபுற்ற அகலப்பட்டைக் குறிகைகளின் ஒளியியல் செயலாக்கம்

டாப்ளர் திரிபுற்ற அகலப்பட்டைக் குறிகைகளின் ஒளியியல் செயலாக்கம் என்பது, நகரும் பொருளில் பட்டுத் திரும்பும் எதிரொலியை ஒளி, வில்லை, படச்சுருள் ஆகியவற்றைக் கொண்டு இனங்காணும் முறையாகும். எண்முறைக் கணினிகள் இவ்வேலைக்குப் போதிய வேகம் பெறாதிருந்த 1960களிலும் 1970களிலும் ஒளியியல் செயலாக்கம் பெரிதும் ஆராயப்பட்டது.

திரிபின் இயல்பு

டாப்ளர் விளைவை அதிர்வெண் பெயர்ச்சி என்றே பாடநூல்கள் பெரும்பாலும் கூறுகின்றன. அது குறும்பட்டைக் குறிகைகளுக்கு மட்டும் பொருந்தும் தோராயமாகும். உண்மையில் நிகழ்வது காலச் சுருக்கம் அல்லது நீட்சி. எடுத்துக்காட்டாக, கடல்நீரில் ஒலி நொடிக்கு ஏறத்தாழ 1500 மீட்டர் செல்கிறது. அசையாது நிற்கும் சோனாரை நோக்கி நொடிக்கு 15 மீட்டர் வேகத்தில் ஒரு நீர்மூழ்கிக் கப்பல் வந்தால், அதன் எதிரொலி ஏறத்தாழ 2 விழுக்காடு சுருங்கும். 500 முதல் 1500 ஹெர்ட்ஸ் வரை பரவிய குறிகையில் கீழ்முனை 10 ஹெர்ட்சும் மேல்முனை 30 ஹெர்ட்சும் நகரும். முழுவதையும் 20 ஹெர்ட்ஸ் நகர்த்திச் சரிசெய்ய முயன்றால், 1 நொடி நீளமுள்ள எதிரொலி மூலக் குறிகையுடன் பொருந்தாது, இரைச்சலில் மறைந்துவிடும். ராடாரில் இச்சிக்கல் மிகக் குறைவு. நொடிக்கு 300 மீட்டர் வேகத்தில் நெருங்கும் வானூர்திக்குச் சுருக்கம் பத்து இலட்சத்தில் 2 பங்கே. (சில வௌவால்களின் ஒலிகள் இத்தகைய சுருக்கத்தால் அதிகம் பாதிக்கப்படாத வடிவுடையவை என்பது 1970இல் காட்டப்பட்டது.)

ஒளியியல் முறை

குறிகை பதிந்த படச்சுருளைக் குவிவில்லையின் முன்குவியத் தளத்தில் வைத்து லேசர் ஒளியைச் செலுத்தினால், பின்குவியத் தளத்தில் அதன் ஃபூரியே மாற்றம் கிடைக்கும். அங்கு மூலக் குறிகைக்கான வடிகட்டியை வைத்து, இரண்டாம் வில்லையால் மீண்டும் மாற்றினால், பொருத்தம் உள்ள இடத்தில் ஒளிப்புள்ளி தோன்றும். அதன் இடம் எதிரொலி வந்த நேரத்தையும், அதிலிருந்து தொலைவையும் தரும். இவ்வகை வடிகட்டியை ஹோலோகிராம் முறையில் பதிப்பதை வாண்டர் லக்ட் 1964இல் வெளியிட்டார்.

எதிரொலி சுருங்கியிருந்தாலோ புள்ளி மங்கிப்போகும். மூலக் குறிகையை வெவ்வேறு அளவில் சுருக்கி, பல வரிகளாகப் பதித்து, உருளை வில்லையால் எல்லா வரிகளையும் ஒரே நேரத்தில் ஒப்பிடுவது ஒரு வழி. பொருந்தும் வரியே வேகத்தைக் காட்டும்.

மெலின் மாற்றம் இதனினும் நயமானது. கார்னகி மெலன் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த டேவிட் கசசென்ட், டிமிட்ரி சால்டிஸ் ஆகியோர் இதனை ஒளியியலில் பயன்படுத்தும் முறையை 1976இல் வெளியிட்டனர். காலத்தை மடக்கை அளவில் பதித்தால், சுருக்கம் வெறும் இடப்பெயர்ச்சியாக மாறிவிடும். எனவே புள்ளி மங்காது, இடம் மட்டுமே நகரும். நகர்ந்த தூரம் வேகத்தைத் தரும். ஆனால் இம்மாற்றம் எதிரொலி எப்போது தொடங்குகிறது என்பதைப் பொறுத்து மாறக்கூடியது. அதைத் தவிர்க்க முதலில் ஃபூரியே மாற்றத்தின் வீச்சை மட்டும் எடுத்துக் கட்டத்தை விட்டுவிடுவர். கட்டத்துடன் தொலைவுச் செய்தியும் போய்விடுவதால், வேகத்தை அறிந்த பின் தொலைவைத் தனியே கணிக்க வேண்டும்.

படச்சுருளைக் கழுவுவதில் ஏற்படும் தாமதம் இம்முறையின் பெருங்குறையாகும். பின்னர் ஒலி-ஒளியியல் கலங்கள் அத்தாமதத்தைக் குறைத்தன. எண்முறைச் செயலிகள் வேகம் பெற்றதும் சோனாரில் இவ்வேலை அவற்றிடம் சென்றது.