துணைப் பாத்திரமும் திரை வரலாறும்: ரி. எஸ். பாலையாவின் படவரிசை பற்றிய ஒரு நோக்கு

தமிழ்த் திரைப்படத்தின் வரலாற்றை எழுதப் புகுந்தோர் பெரும்பாலும் கதாநாயகர்களின் பெயர்களைக் கொண்டே காலப்பகுப்புச் செய்துள்ளனர். தியாகராஜ பாகவதர் காலம், அதன்பின் எம். ஜி. இராமச்சந்திரன், சிவாஜி கணேசன் காலம் என வகுத்துக்கொள்வது எளிது. நினைவில் நிறுத்துவதற்கும் வசதியானது. ஆயின், நாயக நடிகனொருவனின் படவரிசை, மக்கள் தன்னை எவ்வாறு எண்ணவேண்டுமென அவன் விரும்பினான் என்பதையே பெரிதும் காட்டும். புகழ் வளர வளரக் கதைகளும் அவனுக்கேற்ப வளைந்து கொடுக்கத் தொடங்கிவிடும். துணை நடிகனின் நிலை வேறு. கதை எதனை வேண்டுகின்றதோ அதனைச் செய்து கொடுப்பதே அவன் தொழில். எனவே, ஒரு காலத்துத் தமிழ்ப்படம் யாரைத் தீயவன் என்றது, யாரைத் தந்தையாக ஏற்றது, யாரைப் பார்த்துச் சிரித்தது என்பவற்றை அறிய விரும்பும் மாணவனுக்குத் துணை நடிகனின் படவரிசை பெறுமதி மிக்க சான்றாகும். இந்நோக்கில் ரி. எஸ். பாலையாவின் படங்களை ஈண்டு ஆராய முற்படுவோம்.

பாலையா 1914 ஆம் ஆண்டு, இன்றைய தூத்துக்குடி மாவட்டத்திலுள்ள சுண்டங்கோட்டையிற் பிறந்தவர். அவர் தலைமுறையைச் சேர்ந்த நடிகர் பலரைப் போன்று கொம்பனி நாடக மேடையிலே தொழில் பயின்று திரைக்கு வந்தார். அவரது முதற்படம் 1936 இல் அமெரிக்கரான எல்லிஸ் ஆர். டங்கன் நெறிப்படுத்திய 'சதிலீலாவதி'. எம். ஜி. இராமச்சந்திரனும் என். எஸ். கிருஷ்ணனும் திரைக்கு அறிமுகமானது இதே படத்திலேயே. எஸ். எஸ். வாசன் ஆனந்த விகடனில் எழுதிய தொடர்கதையே படத்தின் மூலம். மதுவிலக்குப் பிரசாரம் ஓங்கியிருந்த காலத்துக் கதையாதலின், இதில் வரும் தீயவன் அரக்கனுமல்லன், கொடுங்கோலனுமல்லன். நண்பன் என்ற பெயரில் வீட்டுக்குள் வந்து நாயகனைக் குடிக்கும் கடனுக்கும் இழுத்துச் செல்லும் இராமநாதன். அப்பாத்திரமே பாலையாவுக்குக் கிடைத்தது.

இப்படத்தின் கதை நம் நாட்டோடு தொடர்புடையது. கொலை செய்துவிட்டதாக எண்ணி அஞ்சும் நாயகன் இலங்கைக்கு ஓடிவந்து, தேயிலைத் தோட்டமொன்றிற் கூலியாக வேலை செய்கிறான். பின்னர் புதையலொன்றைக் கண்டெடுத்து, அதன்வழி செல்வம் பெற்று ஊர் மீள்கிறான். தோட்டத் தொழிலாளரின் துயர் தமிழ்த்திரையில் இத்துணை முற்படத் தலைகாட்டியமை குறிப்பிடத்தக்கதே. எனினும் தோட்டம் இக்கதையில் ஒரு மனிதனின் தண்டனைக்கும் மீட்சிக்குமான இடமாக மட்டுமே அமைகிறது. புதையல் கிடைக்காதவர்கள் அங்கேயே இருந்துவிட்டார்கள் என்பது கதைக்கு வேண்டப்படாத செய்தி.

அடுத்த ஆண்டில் வெளிவந்த 'அம்பிகாபதி'யில் பாலையா படைத்தலைவன் உருத்திரசேனன். ஏறத்தாழ இருபது ஆண்டுகளுக்கு இவ்வகைப் பாத்திரம் அவரை விட்டு நீங்கவில்லை. இராமச்சந்திரன் முதன்முதலில் நாயகனாக நடித்ததும், இலங்கையிலிருந்து சென்ற கே. தவமணிதேவி நடித்ததுமான 'ராஜகுமாரி' (1947), பின்னர் 'மதுரை வீரன்' (1956) ஆகியவற்றிலும் நாயகனுக்கு எதிர்நிற்பவர் பாலையாவே. இத்தகைய அரசகதைகளில் தீமை உறையும் இடம் கவனத்துக்குரியது. அரசன் பெரும்பாலும் நல்லவனாகவோ, அன்றேல் எளிதில் மயங்குபவனாகவோ இருப்பான். அவன் செவியருகே நிற்பவனே சூழ்ச்சிக்காரன். சிங்காசனத்துக்கு ஓரடி தள்ளி நிற்பவனிடம் பழி முழுவதையும் சுமத்திவிட்டாற் சிங்காசனத்தைக் குறை கூறவேண்டிய தேவை எழாது. நிலமானிய உலகை விமர்சிப்பது போன்று தோன்றி, இறுதியில் அதனைக் காப்பாற்றும் கதையமைப்பு இது. அதற்குத் தேவைப்பட்டது வெறுங்கொடுமையன்று. பணிவும் வஞ்சமும் ஒருசேர ஒலிக்கும் ஒரு குரல். சொற்றொடரின் நடுவிற் சற்றே தயங்கி, பின் ஒரு சொல்லை நீட்டி இழுத்து, கேட்பவனைத் தன் பக்கம் சாய்க்கும் அப்பேச்சு முறை மேடையிற் கற்றது. ஒலிவாங்கிக்கு முன்னே அது மேலும் கூர்மை பெற்றது.

இவ்வரிசையிற் பெருமாற்றமாக அமைவது 1949 இல் வெளிவந்த 'வேலைக்காரி'. சி. என். அண்ணாதுரையின் நாடகத்தை ஜுபிடர் நிறுவனத்துக்காக ஏ. எஸ். ஏ. சாமி நெறிப்படுத்தினார். கடன் கொடுத்த வேதாசல முதலியாரின் கொடுமை தாளாது தந்தை தூக்கிலே தொங்கியதைக் கண்ட ஆனந்தன், அரிவாளோடு பழிவாங்கப் புறப்படுகிறான். அவனைத் தடுத்து, ஆயுதத்தை விட அறிவு வலிது எனப் புகட்டும் தோழன் மணியாக வருபவர் பாலையா. நாயகனாக நடித்தவர் கே. ஆர். இராமசாமி. எனினும் படத்தின் கருத்து நாயகன் வாயிலாக மட்டும் வரவில்லை. அதன் அடித்தளம் மணியினாலேயே இடப்படுகிறது. இறந்துபோன செல்வன் ஒருவனின் தோற்றத்தை ஆனந்தன் ஒத்திருத்தலைப் பயன்படுத்தி, அவனைச் செல்வந்தனாக வேடமிட்டு முதலியாரின் வீட்டுக்குள் நுழையவைக்கும் திட்டமும் அத்தோழனின் துணையோடுதான் நடைபெறுகிறது.

பதின்மூன்று ஆண்டுகளாகச் சூழ்ச்சிக்காரனாகவே மக்கள் அறிந்திருந்த ஒருவரைப் பகுத்தறிவின் குரலாக நிறுத்தியது தற்செயலான தெரிவாயினும், அதன் விளைவு பொருள் பொதிந்தது. சூழ்ச்சி அரண்மனையின் சொத்தாக இருந்த நிலை மாறி, ஏழையின் கருவியாகிறது. உருத்திரசேனனின் நுண்மதியும் மணியின் நுண்மதியும் நடிப்பளவில் வேறானவையல்ல. அதே தயக்கம், அதே நீட்டல், அதே ஓரப்பார்வை. மாறியது அது யாருக்குப் பணிபுரிகின்றது என்பதே. திராவிட இயக்கப் படங்களின் ஆற்றல் முழுவதும் அடுக்குமொழி வசனத்திலேயே தங்கியிருந்தது என்று கூறுவோர் இந்த இடமாற்றத்தையும் கணக்கிற் கொள்ளல் வேண்டும்.

'தூக்குத் தூக்கி'யில் (1954) கொச்சைத் தமிழ் பேசும் வடநாட்டுச் சேட்டாக வந்து சிரிப்பூட்டியதை ஒரு வரியோடு விடலாம். ஐம்பதுகளின் இறுதியில் அரசகதை தேய்ந்து, பீம்சிங் போன்றோரின் குடும்பக்கதை முன்னுக்கு வருகின்றது. 'பாகப்பிரிவினை'யில் (1959) மனைவியின் சொல்லுக்கு எதிர்நிற்க இயலாது, கூட்டுக் குடும்பம் உடைவதைப் பார்த்திருக்கும் மூத்தவராக நடித்தார். சிங்காசனம் இருந்த இடத்தில் இப்போது வீட்டுச் சாய்மனைக் கதிரை. பாலையா அதற்கருகில் நிற்பவரல்லர், அதில் அமர்ந்திருப்பவர். இதனை வயது செய்த மாற்றம் என்று மட்டும் சொல்லிவிட முடியாது. கதையில் அதிகாரம் இருக்குமிடமே மாறிவிட்டது.

இம்மாற்றத்தின் உச்சம் 1964 இல் ஸ்ரீதர் நெறிப்படுத்திய 'காதலிக்க நேரமில்லை'. சின்னமலைத் தோட்டத்துச் செல்வந்தர் விஸ்வநாதன், பணமுள்ள மருமகனையே விரும்புபவர். அவரால் வேலையிலிருந்து நீக்கப்பட்ட இளைஞன் அவர் மகளைக் காதலிக்கிறான். தான் பெருஞ்செல்வனின் புதல்வன் எனப் பொய் கூறுகிறான். நண்பனொருவனைத் தன் செல்வத் தந்தையாக வேடமிடச் செய்கிறான். இவ்விடத்தில் 'வேலைக்காரி'யை நினைவுகூராதிருத்தல் இயலாது. இரண்டிலும் ஏழை செல்வனாக வேடமிட்டுப் பணக்காரனின் வீட்டுக்குள் நுழைகிறான். இரண்டிலும் நண்பனொருவன் துணை நிற்கிறான். இரண்டிலும் அவ்வீட்டு மகளை மணப்பதே வழி. முதற்படத்தில் அவ்வேடத்துக்குத் துணைநின்ற பாலையா, பதினைந்து ஆண்டுகளின் பின் அதே வேடத்தால் ஏமாற்றப்படுபவராக அமர்ந்திருக்கிறார்.

இவ்விரு படங்களுக்குமிடையே நிகழ்ந்தது என்ன? வேதாசல முதலியாரின் பணம் ஓர் உயிரைக் குடித்த பணம். அதற்குக் கணக்குத் தீர்க்கவேண்டியிருந்தது. விஸ்வநாதனின் பணம் எங்கிருந்து வந்தது என்று எவரும் கேட்பதில்லை. தோட்டம் என்பது பாட்டுக்கும் வண்ண ஒளிப்பதிவுக்கும் உரிய பசுமையான பின்புலம். இளைஞன் வேண்டுவது நீதியன்று, சம்மதம். முந்தைய படத்திற் சினமாக இருந்தது பிந்தியதிற் சிரிப்பாகிவிட்டது. நடுத்தர வகுப்பின் ஆசை சமூகச் சீர்திருத்தத்திலிருந்து சுகவாழ்வை நோக்கித் திரும்பியதன் அடையாளம் இதுவெனக் கொள்ளலாம். நாயகர்களின் படவரிசையைக் கொண்டு இதனைக் காணமுடியாது; ஏனெனில் முதற்படத்தின் நாயகரும் இரண்டாவதன் நாயகரும் வேறு வேறு உலகத்தினர். இரண்டிலும் இருப்பவர் துணை நடிகரே.

இதனாற் படம் தாழ்ந்தது என்று கூறுவது நம் நோக்கமன்று. படமெடுக்கத் துடிக்கும் மகன் செல்லப்பா (நாகேஷ்) தந்தைக்குப் பேய்க்கதை சொல்லும் காட்சியை நோக்குக. பேசுபவர் முழுவதும் நாகேஷ். பாலையா கதிரையில் அமர்ந்து கேட்கிறார், அவ்வளவே. முதலில் அலட்சியம், பின்னர் ஆர்வம், அதன்பின் அடக்க முயன்றும் அடங்காத அச்சம். கேட்பவரின் முகம் இல்லையெனின் அக்கதையில் அச்சமுமில்லை, நகையுமில்லை. செல்வந்தரின் கம்பீரம் சிறிது சிறிதாகக் கரைவதைக் கொட்டகை முழுவதும் கண்டு சிரித்தது. தமிழர் அனைவரும் ஒரே கூரையின்கீழ் அமர்ந்து பார்த்த முதல் அரங்கு திரைப்படக் கொட்டகையே எனக் கார்த்திகேசு சிவத்தம்பி 1981 இல் வெளியான தமது ஆங்கில நூலிற் சுட்டியுள்ளார். அத்தகைய கூரையின்கீழ் முதலாளி நடுங்குவதைக் கண்டு தொழிலாளி சிரிக்கமுடிந்தது என்பதும் சிறிய செய்தியன்று.

பாலையாவின் தனித்தன்மைக்கு வெளியிலிருந்து ஒரு சான்றும் உண்டு. 'காதலிக்க நேரமில்லை'யை ஸ்ரீதரே 1966 இல் 'பியார் கியே ஜா' என இந்தியில் எடுத்தபோது அத்தந்தையாக நடித்தவர் நகைச்சுவைக்குப் பெயர்பெற்ற ஓம் பிரகாஷ். கே. பாலச்சந்தரின் 'பாமா விஜயம்' (1967) படத்தில், வரவுக்கு மீறிச் செலவிடும் மூன்று புதல்வரின் குடும்பங்களுக்கு நடுவே வாழும் தந்தை எதிராஜும் பாலையாவே. அப்படம் 1968 இல் 'தீன் பகுராணியான்' என இந்தியில் வந்தபோது அவ்விடத்தில் நின்றவர், 'மொகலே ஆஸம்' படத்தில் அக்பராக நடித்த பிரிதிவிராஜ் கபூர். தமிழில் ஒருவர் செய்ததற்கு இந்தியிற் சிரிப்பு நடிகரொருவரும் பேரரசனாக நின்ற மேடைக் கலைஞரொருவரும் தேவைப்பட்டனர். கொம்பனி நாடகம் தன் நடிகனைச் சிரிப்பென்றும் கம்பீரமென்றும் பிரித்து வளர்க்கவில்லை. அப்பயிற்சியின் பயனை அறுபதுகளின் படங்களும் நுகர்ந்தன.

ஏ. பி. நாகராஜனின் 'திருவிளையாடல்' (1965) பற்றி விரிவாகக் கூறவேண்டும். பரஞ்சோதி முனிவரின் புராணத்தில் விறகு விற்ற படலத்திற் பாண்டிநாட்டுக்கு வந்து பாணபத்திரரை இசைப்போருக்கு அழைக்கும் வடநாட்டு ஏமநாதன், திரையில் ஏமநாத பாகவதர் ஆகிறான். கே. வி. மகாதேவனின் இசையில், இராகங்கள் ஒன்றன்பின் ஒன்றாக மாறிவரும் அவையிசைப் பாடலைப் பாடியவர் பாலமுரளிகிருஷ்ணா. குரல் இன்னொருவருடையது, செருக்கு மாத்திரம் பாலையாவுடையது. தலையசைப்பு, விரல் அசைவு, அவையை அளந்து நோக்கும் பார்வை ஆகியன அக்குரலைத் தமக்குரியதாக்கிக்கொண்டன. அவ்வாண்டுத் தொடக்கத்திலேயே தமிழகத்தில் இந்தி எதிர்ப்புப் போராட்டம் மூண்டிருந்தமையால், வடபுலத்துப் புலவனின் செருக்கு மதுரையில் அடங்கும் கதையை அன்றைய மக்கள் எவ்வாறு கண்டிருப்பர் என வினவுதல் தகும். ஆயின் அதனை மிகைப்படுத்தல் ஆகாது. பாலையாவின் ஏமநாதன் பகைவனாகத் தெரியவில்லை. கலையில் உண்மையான தேர்ச்சியுடையவனாகவே தெரிகிறான். விறகுவெட்டியின் பாட்டை இரவிற் கேட்டு அவன் திகைப்பது தோற்றவனின் அச்சமன்று, இசை அறிந்தவனின் திகைப்பு. இசை அறியாதவனாக அவனைச் சித்திரித்திருந்தால் இறைவன் விறகு சுமந்து வரவேண்டிய தேவையே இருந்திராது.

'தில்லானா மோகனாம்பாள்' (1968) கொத்தமங்கலம் சுப்பு எழுதிய தொடர்கதையின் திரைவடிவம். அதில் நாதஸ்வர வித்துவான் சிக்கல் சண்முகசுந்தரத்தின் குழுவில் தவில் வாசிக்கும் முத்துராக்கு பாலையா. யாழ்ப்பாணம் தட்சிணாமூர்த்தியின் தவிலைக் கோயில் வீதிகளில் விடிய விடியக் கேட்ட மரபினர் நாம். தவில்காரரின் தோள் எப்போது தளரும், கழி எப்போது ஓங்கும், நாதஸ்வரக்காரரை அவர் எப்போது ஓரக்கண்ணால் நோக்குவார் என்பனவெல்லாம் நம்மவர்க்குத் தெரிந்தவை. அக்கண்கொண்டு நோக்கினும் முத்துராக்கு பெரிதும் பிழைபடவில்லை. வித்துவானின் முன்கோபத்தைத் தாங்கியும், தக்க இடத்திற் கண்டித்தும், குழுவை உடையாது காப்பவர் அவர். சிவாஜி கணேசனின் நடிப்புக்கு ஈடாக உரத்து எழாமலும் அதற்குள் மறைந்துபோகாமலும் பாலையா அதற்குத் தாளம் கொடுத்திருக்கிறார்.

பாலையா 1972 ஆம் ஆண்டு யூலை 22 ஆம் திகதி காலமானார். அவர் மகன் ஜூனியர் பாலையா எனும் பெயரில் எழுபதுகளில் திரைக்கு வந்து, 2023 இல் மறையும்வரை துணைப் பாத்திரங்களிலேயே நடித்தார். தந்தையின் படங்களுட் பிற்காலத்தன இன்று தொலைக்காட்சியில் அடிக்கடி காட்டப்படுகின்றன. பேய்க்கதைக் காட்சியும் ஏமநாதர் பாட்டும் படத்திலிருந்து தனியே வெட்டி எடுக்கப்பட்டு நகைச்சுவைத் துணுக்காகவும் பாடல் நிகழ்ச்சியாகவும் ஒளிபரப்பாகின்றன. அவற்றைப் பார்த்து வளரும் இளைஞர் பாலையாவைச் சிரிப்பூட்டும் முதியவராகவே அறிவர். இராமநாதனும் உருத்திரசேனனும், அரிவாளைக் கீழே போடச் சொன்ன மணியும் அத்துணுக்குகளில் இல்லை.