தைலக் குப்பியும் நாளிதழும்: அமிர்தாஞ்சன் குடும்பத் தொழிலின் வரலாறு

முன்னுரை

ஜவ்வாது மலை ஊர்களில் தலைவலி, மூட்டுவலிக்கு இலையையும் வேரையும் அரைத்துப் பற்றுப் போடும் வழக்கம் பழமையானது. அங்கே மருந்து கொடுக்கும் வைத்தியரை நோயாளி நேரில் அறிவார். மூலிகை எந்தச் சரிவில் பறித்தது என்றுகூடக் கேட்டுக்கொள்ளலாம். அந்த முகப்பழக்கமே மருந்தின் மேல் நம்பிக்கையைத் தருகிறது. தொழிற்கூடத்தில் செய்து குப்பியில் அடைத்து விற்கும் மருந்துக்கு அந்த வசதி இல்லை. செய்தவரும் வாங்குபவரும் ஒருவரையொருவர் பார்ப்பதே இல்லை. அப்படியானால் நம்பிக்கை எங்கிருந்து வந்தது? சென்னையில் வேரூன்றிய அமிர்தாஞ்சன் என்னும் குடும்பத் தொழிலின் வரலாற்றைக் கொண்டு இக்கட்டுரை அதற்கு விடை தேடுகிறது. அந்த நம்பிக்கையை வளர்த்ததில் அச்சுத்தாளுக்குப் பெரும் பங்கு உண்டு என்பது இக்கட்டுரையின் கருத்து.

பம்பாயில் பிறப்பு

அமிர்தாஞ்சனை நிறுவிய காசிநாதுனி நாகேசுவர ராவ் 1867-இல் கிருஷ்ணா மாவட்டத்தில் பிறந்தவர். சென்னைக் கிறித்தவக் கல்லூரியில் பயின்றவர். கல்கத்தாவில் மருந்து வணிகத்தைக் கற்றுக்கொண்டு பம்பாய் சென்றார். 1893-இல் அங்கே அமிர்தாஞ்சன் என்னும் வலி நிவாரணித் தைலத்தைச் செய்து விற்கத் தொடங்கினார். அமிர்தம், அஞ்சனம் என்னும் இரு சொற்களும் இந்திய மொழிகள் பலவற்றுக்குப் பொதுவானவை. அதனால் பெயரை எந்த ஊரிலும் விளக்க வேண்டியிருக்கவில்லை.

கற்பூரம், புதினா உப்பு எனப்படும் மெந்தால், நீலகிரித் தைலம், கந்தபூரத் தைலம் ஆகியவை இவ்வகைப் பூச்சு மருந்தின் அடிப்படை. மெந்தால் தோலில் குளிர்ச்சியை உணரும் நரம்புமுனைகளைத் தூண்டுகிறது. கந்தபூரத் தைலத்தில் உள்ள மெத்தில் சாலிசிலேட் தோலில் சூட்டையும் சிவப்பையும் உண்டாக்கி வலியுணர்வை மங்கச் செய்கிறது. தடவிய சில நிமிடங்களிலேயே பலன் தெரிந்துவிடும். இதை உணர்ந்த நாகேசுவர ராவ், இசைக் கச்சேரிகளுக்கு வந்தவர்களுக்குத் தைலத்தை இலவசமாக வழங்கினார். தொழிலின் முதல் விளம்பரம் அதுதான்.

தைலம் வளர்த்த இதழ்

தைலம் ஈட்டிய பணத்தைக் கொண்டு 1908-இல் பம்பாயிலேயே ‘ஆந்திர பத்திரிகா’ என்னும் தெலுங்கு வார இதழைத் தொடங்கினார். 1914-இல் அது சென்னைக்கு வந்து நாளிதழாயிற்று. மருந்துத் தொழிலும் சென்னைக்கு மாறியது. 1924-இல் ‘பாரதி’ என்ற இலக்கியத் திங்களிதழும், தொடர்ந்து ஆந்திர கிரந்த மாலை என்ற நூல் வரிசையும் வெளிவந்தன.

இந்த இணைப்பு இரு பக்கமும் பயன் தந்தது. அந்நிய ஆட்சியை எதிர்த்து எழுதும் இதழுக்கு அரசின் தயவோ ஐரோப்பிய நிறுவனங்களின் விளம்பரமோ நிலையான துணையாகாது. தைல வருவாய் இதழைத் தன் காலில் நிற்க வைத்தது. இதழும் மருந்தின் பெயரை வீட்டுக்கு வீடு கொண்டு சேர்த்தது. நாகேசுவர ராவ் உப்புச் சத்தியாக்கிரகத்தில் சிறை சென்றவர். ஆந்திரக் காங்கிரசின் தலைவராகவும் இருந்தவர். அவரைத் ‘தேசோத்தாரக’ என்று மக்கள் போற்றினர். அவர் செய்த மருந்தை வாங்குவது சுதேசிக் கடமையின் ஒரு பகுதியாகவும் ஆனது. ஜவ்வாது மலை வைத்தியரின் முகம் செய்த வேலையை இங்கே இதழும், அதை நடத்தியவரின் பொதுவாழ்வும் செய்தன.

கிழக்கில் ஓர் இணை

ரங்கூனில் மருந்துக்கடை நடத்திய ஆவ் என்னும் சீனக் குடும்பம் ‘புலித் தைல’த்தை உருவாக்கி, 1926-இல் தொழிலைச் சிங்கப்பூருக்கு மாற்றியது. 1929-இல் ஆவ் பூன் ஹாவ் அங்கே ‘சின் சியூ ஜிட் போ’ என்ற சீன நாளிதழைத் தொடங்கினார். தைலத்தை விளம்பரப்படுத்துவது அதன் நோக்கங்களில் ஒன்று. இரண்டு குடும்பங்கள், இரண்டு தைலங்கள், இரண்டு நாளிதழ்கள். நாகேசுவர ராவ் இதழைத் தொடங்கியது இருபது ஆண்டுகளுக்கு முன்பே. மருந்தும் அச்சும் கைகோத்தது ஒரு தனிமனிதரின் விருப்பத்தால் மட்டும் நேர்ந்ததன்று. குப்பி மருந்து என்ற வணிகத்தின் இயல்பிலேயே அந்தத் தேவை இருந்தது என்பதை இந்த ஒப்புமை காட்டுகிறது.

வாரிசுகளும் சட்டமும்

1936-இல் அமிர்தாஞ்சன் லிமிடெட் என்ற நிறுமமாகத் தொழில் பதிவாயிற்று. 1938-இல் நாகேசுவர ராவ் மறைந்தார். மருமகன் சிவலெங்க சம்பு பிரசாத் தைலத்தையும் இதழையும் ஒருசேர ஏற்று நடத்தினார். குடும்பச் சொத்தோடு பொதுப்பணியும் வாரிசுரிமையாகக் கைமாறியது.

இதே காலத்தில் அரசும் மருந்துத் துறைக்குள் நுழைந்தது. 1940-இல் மருந்துகள் சட்டம் வந்தது. 1954-இன் சட்டம் மருந்து விளம்பரங்களில் மந்திரத் தீர்வுகளையும் பொய்யான வாக்குறுதிகளையும் தடுத்தது. 1964-இன் திருத்தம் ஆயுர்வேத, சித்த, யுனானி மருந்துகளின் உற்பத்தியையும் உரிமத்தின் கீழ்க் கொண்டுவந்தது. முன்பு தலைவரின் நற்பெயர் தந்த உறுதியை இப்போது உரிம எண்ணும் ஆய்வகச் சோதனையும் தரத் தொடங்கின. மருந்துக்குச் சொந்த நாளிதழ் தேவைப்பட்ட காலம் முடிந்தது. ‘ஆந்திர பத்திரிகா’ 1991-இல் நின்றது. தைலமோ நிற்கவில்லை. 2007-இல் நிறுவனம் அமிர்தாஞ்சன் ஹெல்த்கேர் எனப் பெயர் மாற்றம் பெற்றது. சம்பு பிரசாத்தின் பெயரையே தாங்கிய பேரன் அதன் தலைமைப் பொறுப்பில் இருக்கிறார்.

முடிவுரை

அமிர்தாஞ்சனின் வரலாற்றில் நம்பிக்கை மூன்று படிகளைக் கடந்திருக்கிறது: கச்சேரியில் கையில் கிடைத்த மாதிரி, இதழில் படித்த பெயர், அட்டையில் அச்சான உரிமம். குடும்பம் ஒவ்வொரு படியையும் உரிய காலத்தில் ஏறியதால்தான் தொழில் நூறாண்டைத் தாண்டியது. தமிழகத்தில் தைலமும் சூரணமும் பல்பொடியும் செய்து பெயர்பெற்ற குடும்பங்கள் இன்னும் பல உண்டு. அவர்களுடைய கணக்கேடுகளும் விலைப்பட்டியல்களும் பழைய விளம்பரங்களும் நம் மருத்துவ வரலாற்றின் மூல ஆவணங்கள். அவை பழைய தாள் விலைக்குப் போவதற்கு முன்பு நூலகங்களிலும் பல்கலைக்கழகங்களிலும் சேர வேண்டும். அத்தகைய தாள்களை வீட்டில் வைத்திருப்போர் தயவுசெய்து அவற்றைப் பாதுகாத்து ஆய்வாளர்களுக்குத் திறந்துவிடுங்கள்.