குத்த வைத்து உட்கார்ந்த பிள்ளை

அம்பூரியில் என் சின்னம்மை மகன் ஒருவன் இருந்தான். 1987-ல் அவனுக்கு ஐந்து வயசு. எங்களோடு ஓடி வருவான், பாதி வழியில் மூச்சு வாங்கி அப்படியே குத்த வைத்து உட்கார்ந்து விடுவான். உதடு நாவல்பழம் தின்ற மாதிரி இருக்கும். "பிள்ளைக்கு இழுப்பு" என்று கஷாயம் கொடுத்தார்கள். அடுத்த மழைக்காலத்தை அவன் தாண்டவில்லை.

அவனுக்கு என்ன நோய் என்று யாரும் பரிசோதிக்கவில்லை. ஆனால் நீல உதடும் அந்த உட்காரலும் பிறவி இதயக் குறையின் பழைய அடையாளங்கள் என்று பிற்பாடுதான் படித்தேன். குத்த வைக்கும்போது கால் ரத்தக்குழாய்கள் அழுந்தி, கூடுதல் ரத்தம் நுரையீரலுக்குப் போகுமாம். பிள்ளை தனக்குத் தானே வைத்தியம் பார்த்திருக்கிறான்!

இத்தகைய "நீலக் குழந்தை"களுக்கான முதல் அறுவை சிகிச்சை 1944 நவம்பர் 29-ல் அமெரிக்காவின் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் மருத்துவமனையில் நடந்தது. வழி சொன்னவர் ஹெலன் டாசிக், செய்தவர் ஆல்ஃபிரட் பிளாலக், ஆய்வுக்கூடத்தில் முறையை உருவாக்கியவர் விவியன் தாமஸ். அவ்வளவு தூரம் போவானேன், திருவனந்தபுரம் ஸ்ரீ சித்திரா 1976-லேயே நோயாளிகளைப் பார்க்கத் தொடங்கிவிட்டது. எங்கள் ஊரிலிருந்து ஏறக்குறைய 40 கிலோமீட்டர்.

பாங்க்காரன் புத்தி, கணக்குப் போட்டுப் பார்க்கிறேன். ஆஸ்பத்திரி இருந்தது, டாக்டர் இருந்தார். இல்லாதது, வீட்டு வாசலில் நின்று "இது இழுப்பு இல்லை" என்று சொல்ல ஓர் ஆள்.

அந்த ஆளை உண்டாக்கும் வேலை தாமதமாகத்தான் தொடங்கியது. 2013-ல் மத்திய அரசு கொண்டு வந்த குழந்தைகள் நலப் பரிசோதனைத் திட்டத்தில், ஆஷா பணியாளர்களும் நர்சுகளும் பார்க்க வேண்டிய குறைகளில் பிறவி இதயக் குறையும் சேர்ந்தது. 2017-ல் கேரளா 'ஹிருத்யம்' திட்டத்தைத் தொடங்கியது. பெயரைப் பதிந்தால், அவசரத்தைப் பொறுத்து வரிசை; சிகிச்சை இலவசம்.

கற்றுக்கொடுப்பது பெரிய வித்தை இல்லை. பால் குடிக்கையில் நெற்றி வேர்க்கிறதா? நிறுத்தி நிறுத்திக் குடிக்கிறதா? எடை ஏறுகிறதா? நாக்கு நீலமா? பிறந்த குழந்தையின் காலில் ஆக்சிஜன் அளக்கும் கருவியை மாட்டிப் பார்ப்பதும் உண்டு. அதில் தப்பும் குறைகளும் இருப்பதால்தான் வீட்டுக்குப் போய்ப் பார்க்கும் கண்கள் முக்கியம். நெய்யாறு நீர்த்தேக்கத்துக்கு அக்கரையிலுள்ள காணிக்காரர் குடியிருப்புகளுக்கு இது இன்னும் முக்கியம்.

ஆயிரம் குழந்தைகளில் சுமார் எட்டுக்கு இந்தக் குறை இருக்கிறது. எனவே மக்களே, ஊரில் குழந்தை பிறந்ததாகப் போன் வந்தால், "யார் ஜாடை?" என்று கேட்பதோடு, "பால் குடிக்கும்போது வேர்க்குதா?" என்றும் ஒரு வார்த்தை கேளுங்கள்.