தீக்குச்சிக்குள் ஒரு வரலாறு

எங்கள் ராயகிரிக்கு வடகிழக்கே இருக்கிறது சிவகாசி. அங்கே தீப்பெட்டி வந்த கதையை ஒரு வேதியியல் பாடமாகவும் படிக்கலாம்.

வேதிவினையின் வேகம் பொருளின் தன்மை, வெப்பம், துகளின் அளவு போன்றவற்றைப் பொறுத்தது. 1827-ல் இங்கிலாந்தில் ஜான் வாக்கர் உரசினால் பற்றும் குச்சியை விற்றார். பின்னால் வந்தவர்கள் அதில் வெள்ளை பாஸ்பரஸைச் சேர்த்தார்கள். லேசான சூட்டிலேயே பற்றும், விலையும் குறைவு. ஆனால் அதன் புகையைச் சுவாசித்த தொழிலாளர்களின் தாடை எலும்பு அழுகியது.

1844-ல் ஸ்வீடன் நாட்டு குஸ்டாஃப் எரிக் பாஷ் மருந்தை இரண்டாகப் பிரித்தார். இன்றும் அதே முறைதான். குச்சியில் பொட்டாசியம் குளோரேட், பெட்டிப் பக்கத்தில் சிவப்பு பாஸ்பரஸும் கண்ணாடித் தூளும். தனித்தனியாக இருக்கும்வரை வினை இல்லை. உரசும்போது சூடு பிறக்கிறது, இரண்டும் துகளாகக் கலக்கின்றன, நொடியில் தீ!

பாதுகாப்பான வழி தெரிந்த பிறகும் வெள்ளை பாஸ்பரஸைத் தடுக்கும் பெர்ன் ஒப்பந்தம் 1906-ல்தான் வந்தது. இந்தியாவில் தடைச் சட்டம் 1913-ல். பத்து வருடம் கழித்து, கல்கத்தாவில் தொழில் கற்றுத் திரும்பிய அய்ய நாடாரும் சண்முக நாடாரும் சிவகாசியில் தீப்பெட்டித் தொழிலைத் தொடங்கினார்கள்.

வினையின் வேகத்தை அடக்க 17 வருடம் போதுமாக இருந்தது. மலிவு விலையின் ஆசையை அடக்க மேலும் 62 வருடம் ஆனது. அந்த வருடங்களின் கணக்கை எழுதியவை தொழிலாளர்களின் தாடைகள்.